அந்த அரை அங்குலம்

நாகர்கோவில்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள மக்களே,

வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பின படத்தை விடிந்த பிறகுதான் பார்த்தேன். மஞ்சள் நூல் விரிப்பு. பூ அழகாக விழுந்திருக்கிறது, ஓரம் சுருளாமல் தட்டையாகக் கிடக்கிறது. நான் சொல்லித்தந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. இன்றைக்கு உன் கை என் கையைத் தாண்டிவிட்டது. ஆனாலும் என் கண் விரிப்பில் நிற்கவில்லை, நீ அனுப்பின நேரத்திலேயே போய் நின்றது. மறுநாள் விடியற்காலை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரயிலுக்கு அம்மாவை எழுப்பிக் கிளப்ப வேண்டியவள், ஒன்றரை மணிக்கு ஏன் விழித்திருக்கிறாய்?

போனில் கேட்டேன். "தூக்கம் வரவில்லை பெரியம்மா, கையில் ஊசி இருந்தால் மனசு அடங்குகிறது" என்றாய். அதை நம்புகிறேன். உன் அப்பாவிடம் கேட்டபோதுதான் ஒரு பெங்களூரு கடைக்காரி நாற்பது விரிப்பு கேட்டிருக்கிறாள், அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் வேண்டுமாம், நீ இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதிலிருந்து எனக்கும் தூக்கம் வரவில்லை. முட்டு ஆபரேஷன் ஆன காலோடு என்னால் திருவனந்தபுரத்துக்கு வந்துபோக முடியாது. அதனால் எழுதுகிறேன். ஆர்டரை எடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததை மட்டும் கேட்டுக்கொள்.

உன் பெரியப்பா டயாலிசிஸில் இருந்த இரண்டு வருஷமும் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரி வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். முதல் மாதம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பையில் வெள்ளை நூலும் குரோஷா ஊசியும் எடுத்துப்போனேன். ஒரு நாளைக்கு ஒரு சதுரம். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கட்டில் விரிப்பு அப்படி வந்ததுதான். அகலத்துக்கு 14, நீளத்துக்கு 20, மொத்தம் 280 சதுரம்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தக் கண்ணியைக் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கி, ஊசியை உருவிவிட்டு எழுந்து போய்விடலாம். திரும்பி வந்தால் விட்ட இடம் அப்படியே காத்திருக்கும். ஸ்வெட்டர் பின்னலில் அப்படி முடியாது. வரிசை முழுக்கக் கண்ணிகள் கம்பியில் தொங்கும், அவசரத்தில் உருவினால் நழுவும். தீனக்காரர் பக்கத்தில் இருக்கிறவளுக்கு, எந்த நொடியிலும் கீழே வைக்க முடிகிற வேலைதான் வேலை. மூன்று சங்கிலி, இரண்டு தூண், மறுபடி மூன்று சங்கிலி என்று எண்ணிக்கொண்டிருந்தால், "என்ன ஆகுமோ" என்று சுற்றிச் சுற்றி வருகிற மனசு அந்த எண்ணிக்கையில் கட்டுண்டு கிடக்கும். காது மட்டும் உள்ளே இருக்கிறவர் பக்கம் திறந்திருக்கும். எனக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான். உனக்குக் கிடைப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மக்களே, தேதி குறித்துவிட்டால் அதே ஊசியைக் கீழே வைக்க முடியாது.

பாட்டியின் லேஸ் கதையை உன் அம்மா உனக்கு முழுக்கச் சொல்லியிருக்க மாட்டாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. எனக்குப் பதினொன்று. 1964. தாத்தா வடக்கு அறையில் நெஞ்சு தீனத்தோடு படுத்திருந்தார். பாட்டி வாசல் திண்ணையில் லேஸ் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். வைக்கோல் திணித்துக் கெட்டியாக்கின தலையணை. அதன்மேல் துளை குத்தின மாதிரி அட்டை, துளைக்குத் துளை குண்டூசி, நூல் சுற்றின முப்பது ஜோடிக் கட்டைகள். முறுக்கு, குறுக்கே மாற்று, ஊசி குத்து. அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம்தான் எங்கள் வீட்டின் சத்தம். ஆர்டர் இல்லாத வாரங்களில் பாட்டி தலையணையைத் தாத்தாவின் கட்டில் பக்கமே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள். தாத்தா இரண்டு கையையும் நீட்டி நூல் சிட்டத்தைப் பிடித்துக்கொடுப்பார், பாட்டி சுற்றுவாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சிரித்தது தெரியும்.

கார்த்திகையில் ஏஜென்ட் வந்தார். சர்ச் ஆல்டர் துணிக்கு மூன்று கெஜம் ஓரம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேண்டும் என்றார். அதோடு பாட்டி திண்ணைக்கு வந்துவிட்டாள், வெளிச்சம் அங்கேதான். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு சாயங்காலம் தாத்தா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இதோ, இந்த அரை அங்குலம்" என்றாள் பாட்டி. நான் பக்கத்தில் இருந்தேன். அரை அங்குலம் முடிந்து அவள் போனபோது தாத்தா கண் அசந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்குத் தெளிவாகப் பேச்சு வரவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீராகக்கூட இருந்திருக்கலாம். பாட்டி எண்பத்திரண்டு வயசில் சாகிறவரைக்கும் அந்த அரை அங்குலத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த லேஸில் விளக்குப் புகை படிந்திருக்கிறது என்று சொல்லி ஏஜென்ட் பாதி விலைதான் கொடுத்தார். அத்தனை வருஷம் பின்னினவள் வீட்டில் ஒரு விரற்கடை லேஸ் மிஞ்சவில்லை. உன் அம்மா கல்யாணத்துக்கு வைக்கக்கூட இல்லை. அறுபது வருஷம் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நம் ஊரில் லேஸ் விற்ற காசுதானே பெண்களை நிமிர வைத்தது என்பாய். உண்மைதான். 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையையும் கையோடு கொண்டுபோனார். திருவிதாங்கூரில் அடிமை முறையை 1855-இல் ஒழிப்பதற்கு முன்னாலேயே, லேஸ் விற்ற பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கும் பெருமைதான். நான் படித்த டீச்சர் டிரெயினிங்கும் பாட்டியின் லேஸ் காசுதான். விற்பது தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது, மனசு அடங்குவதற்காக எடுத்த நூலை விற்காதே என்றுதான் சொல்கிறேன். இரண்டும் ஒரே நூல் மாதிரித் தெரியும், ஆனால் வேறு வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. அது கைவேலைக்காரி கைவேலைக்காரிக்குச் சொல்வது. என் விரிப்பை ஸ்கேல் வைத்து அளந்துபார். சில சதுரம் நான்கு அங்குலம், சில சதுரம் மூன்றே முக்கால். பெரியப்பாவுக்கு உள்ளே பிரஷர் இறங்கின நாள்களில் என் கை நூலை இறுக்கிவிட்டது. அவர் நன்றாக இருந்து வெளியே வந்து காப்பி கேட்ட நாள்களில் தளர்ந்திருக்கிறது. சேர்க்கும்போது கஞ்சி போட்டு, ஊசி குத்தி இழுத்து ஒப்பேற்றினேன். கட்டில் அதை ஏற்றுக்கொண்டது, கடைக்காரி ஏற்றுக்கொள்வாளா? நாற்பதும் ஒரே அளவில் வேண்டும் என்பாள், அவளைக் குறைசொல்ல முடியாது. இந்த ஐந்தாறு மாதத்துக்கு உன் கை ஒரே மாதிரி இருக்காது மக்களே. இருக்கவும் வேண்டாம்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் மருந்து ஏற்றி மூன்றாவது வாரத்தில் உன் அம்மாவுக்கு முடி கொட்டிவிட்டது. அன்றைக்கு வீடியோவில் பார்த்தேன், தலையில் கடையில் வாங்கின நைலான் துண்டு. யாருடைய மேஜைக்கோ நாற்பது விரிப்பு யோசிக்கிறவள் அவளுக்கு ஒரு தொப்பி போட்டுத்தரவில்லையே என்று இருந்தது. இதைப் படித்ததும் நீ அழுவாய், எனக்குத் தெரியும். அழாதே. உனக்குத் தோன்றாமல் போனது களைப்பால்தான். அதனால் விவரம் எழுதுகிறேன். கம்பளி வேண்டாம், மொட்டைத் தலையில் அரிக்கும், நம் வெயிலுக்கும் ஆகாது. மெல்லிய பருத்தி நூல். அம்மா தலையைச் சுற்றி அளவெடுத்து ஒரு அங்குலம் குறைத்துப் போடு. உச்சியிலிருந்து வட்டமாகத் தொடங்கினால் தையல் மூட்டு வராது, படுத்தாலும் குத்தாது. நிறத்தை அவளையே கேள், நீயாக வெள்ளை எடுத்துவிடாதே. இரண்டு போடு, ஒன்று துவைக்க, ஒன்று தலைக்கு.

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையைத் துணிப்பையாக வைத்துக்கொள், வந்ததும் துவைத்துப் போடு. நூல் உருண்டையை அவள் படுக்கையில் வைக்காதே, தரையில் உருளவும் விடாதே. வெள்ளை அணு இறங்கியிருக்கிற நாள்களில் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். போன தடவை எண்ணிக்கை எவ்வளவு என்று நீ எனக்குச் சொல்லவேயில்லை. கத்தரிக்கோலுக்குப் பதில் நகவெட்டி போதும். கறுப்பு, கருநீல நூல் அந்த வராந்தா வெளிச்சத்துக்கு வேண்டாம், கண்ணி தெரியாது. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து மணிக்கட்டை உதறிவிடு. ரயிலில் வேண்டுமானால் ஊசியைப் பையில் வைத்துவிட்டுத் தூங்கு. பாலராமபுரம் வந்தால் விழித்துக்கொள், அடுத்து நேமம், பிறகு இறங்கவேண்டியதுதான். நம் பக்கத்து நெசவாளர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த ஊர் பாலராமபுரம், பெரியப்பா அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் சொல்வார்.

அம்மாவுக்கு விரல் நுனி மரத்துப்போகிறது என்று அப்பா சொன்னார். டாக்டரிடம் அவசியம் சொல், அதை அவள் மறைப்பாள். அவள் கையில் ஊசியைக் கொடுக்காதே, முடியவில்லையே என்று வருத்தப்படுவாள். மருந்து ஏற்றாத நாள்களில், கை வலிக்காத நேரம் பார்த்து, தாத்தா பிடித்த மாதிரி இரண்டு கையிலும் சிட்டத்தைப் பிடிக்கச் சொல். நீ எதிரே உட்கார்ந்து சுற்று. அதற்கு விரல் நுனி வேண்டாம், கை நீட்ட முடிந்தால் போதும். நூல் சிக்காமல் இருக்க அவள் ஒரு பக்கம் சாய்ப்பாள், நீ மறுபக்கம் இழுப்பாய், பேச்சு தன்னால் வரும். அப்போது அவள் ஏதாவது கேட்டால் உனக்கு முடிக்க வேண்டிய அரை அங்குலம் எதுவும் இருக்காது.

பணக்கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. சம்பளமில்லாத லீவில் இருக்கிறாய். அதற்குத்தான், அந்த நாற்பது விரிப்புக்கு என்ன கிடைக்குமோ அதை அப்பா கணக்கில் வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். கடன் என்று நினைக்காதே, திருப்பித்தருகிற பேச்சும் வேண்டாம். உன் அம்மா பிறந்தபோது தொட்டிலில் கட்டக்கூட லேஸ் இல்லாத வீடு அது. அந்தக் கணக்கில் இதை வரவு வைத்துக்கொள்கிறேன்.

எழுதினதைத் திரும்பப் படித்துப்பார்த்தேன். ரொம்பத்தான் பேசிவிட்டேன். ராத்திரி முழுக்க விழித்து அம்மாவைப் பார்க்கிற பிள்ளையிடம் இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்கு உன்னைவிட நல்ல துணை கிடைக்காது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவள் என் மடியில் வளர்ந்தவள் மக்களே, அதனால்தான் வாய் நிற்கவில்லை. நீ எந்த முடிவெடுத்தாலும் பெரியம்மாவுக்குக் கோபம் கிடையாது. கடைக்காரிக்குச் சரி என்று சொல்லிவிட்டாயானால் மாதிரியும் நூலும் அனுப்பு, இருபது நான் போடுகிறேன். கால்தான் மடங்கவில்லை, கை நன்றாக இருக்கிறது. முப்பது வேண்டுமானாலும் போடுகிறேன். நீ தூங்கு.

பக்கத்து வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான். அவனிடம் ஏத்தன் பழமும் வெளிர்நீலச் சிட்டம் நான்கும் கொடுத்தனுப்புகிறேன். பழத்தை ஆவியில் வேகவைத்தே கொடு. நீலம் உன் அம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்து பிடித்த நிறம், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

உங்கள் இரண்டு பேர் பெயரும் என் ஜெபத்தில் காலையும் ராத்திரியும் இருக்கிறது.

அன்பு முத்தங்களுடன்,
பெரியம்மா