வரப்பு மரமும் பக்கத்து நிலத்தார் ஹக்கும்

நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்பது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிகிறோம். சேக்காட்டைச் சுற்றிலும் வயல்கள் மனைகளாகிவிட்டன. ஆயினும் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் நிலம் உள்ளோர் நம்மில் உண்டு. 2021-22இல் தமிழக அரசு தொடங்கிய நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கத்தில், வரப்போரம் நட ஏக்கருக்கு 50 கன்றுகள் இலவசம் என்று வகுத்தார்கள். மரம் கரியமில வாயுவை ஈர்த்துத் தன் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது, அனல்காற்றைத் தணிக்கிறது, அதன் சருகு மண்ணுக்கு உரமாகிறது.

ஆனால் நெல்லுக்கு வெயில் வேண்டுமே! பொது வரப்பில் கேளாமல் நட்டு, பிறர் பயிரின் மீது நிழல் விழச் செய்தால் அங்கே ஹுகூகுல் இபாத் குறுக்கிடுகிறது. ஸதகாவை நாடி அடுத்தவர் உரிமையில் கைவைப்பதா? முதலில் பக்கத்து நிலத்தாரிடம் பேசுங்கள். அவர் இசைந்தால், ஆண்டுதோறும் கிளை கழிப்பது யார், கனியில் பங்கு எவ்வளவு என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.