மேடை இசையும் மக்கள் திரளும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை இயற்பியல் மாணவர்)

முன்னுரை

இசைக்கு உருகாத நெஞ்சம் இல்லை. வானொலியிலோ கைப்பேசியிலோ தனித்திருந்து கேட்கும் பாட்டு ஓர் இன்பம் என்றால், ஆயிரம் பேரோடு அமர்ந்து நேரில் கேட்கும் பாட்டு வேறோர் இன்பம். அவ்வின்பம் சில வேளைகளில் பெருந்துன்பமாக முடிந்துவிடுகிறது. அஃது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு இரவுகள்

என் நினைவில் இரண்டு இரவுகள் நீங்காமல் நிற்கின்றன. இரண்டும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்ட இரவுகள்.

முதல் இரவில் அறுவடை முடிந்த வயலே திடல். சாக்கை விரித்து அமர்ந்தோம். நள்ளிரவில் மின்சாரம் நின்றது, ஜெனரேட்டரும் கைவிட்டது. பாடகர் மேடையை விட்டு இறங்கி வந்து, மைக் இல்லாமல், தபேலாவை மட்டும் துணைகொண்டு பாடினார். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. மீண்டும் விளக்கு எரிந்தபோது, "இப்ப எதுக்கு வந்துச்சு?" என்று சலித்துக்கொண்டார் ஒரு பெரியவர்.

இரண்டாம் இரவில் இருபுறமும் மூங்கில் கட்டி ஒரே வழி விட்டிருந்தார்கள். குழுவினர் மேடையேறியதும் பின்னால் நின்றவர்கள் முன்னே தள்ளினார்கள். அப்போது ஒன்பது வயதான என் தம்பி மூங்கிலோடு நசுங்கி, அழவும் மூச்சின்றி விழித்தான். "ஏய்யா, புள்ளையத் தலைக்கு மேல தூக்குங்கய்யா!" என்று யாரோ ஓர் அம்மா கூவியதால் பிழைத்தான். அன்று பாடிய பாட்டு எதுவென்று இன்றும் எனக்கு நினைவில்லை.

இரண்டு இரவுகளிலும் ஒரே வகைப் பாட்டு; ஒரே வகை மக்கள். பின் வேறுபட்டது எது?

நம் மண்ணின் மேடை

திறந்த வெளியில் பாட்டுக் கேட்பது நம் பகுதிக்குப் புதிதன்று. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது மலையேறிச் சென்று, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாடினார். தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோரும் சேர, 'பாவலர் பிரதர்ஸ்' குழு ஊர் ஊராகச் சென்றது. 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாகத் திரையுலகில் புகுந்த இளையராஜா, 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

மேலைநாட்டு ராக் இசையின் மின் கிட்டாரும், பேஸ் கிட்டாரும், டிரம்ஸும் திரைப்பாடல் வழியே நம் திருவிழா மேடைக்கும் வந்துவிட்டன. ஆகவே ராக் கச்சேரிகளின் வரலாறு நமக்கு அயலாரின் கதையன்று.

ஓராண்டில் இரு திடல்கள்

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பெத்தேல் என்னும் ஊரின் பால்பண்ணை நிலத்தில் உட்ஸ்டாக் விழா நடந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். வேலி முழுமையாக அமையாததால் அனுமதி இலவசம் என்று அறிவித்தார்கள். மழை கொட்டியது, உணவு போதவில்லை, அக்கம்பக்கத்து மக்கள் உணவு அனுப்பினர். சில இறப்புகள் நேர்ந்தன. ஆயினும் நெரிசலிலோ சண்டையிலோ எவரும் சாகவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவினர் பாடினர். கடைசி நேரத்தில் இடம் மாற்றப்பட்டது. வேறோர் இடத்துக்கென அமைத்த, ஒரு மீட்டர் உயரமே உள்ள மேடையைச் சரிவின் அடியில் நிறுத்தினார்கள். கூட்டம் மேடைமேல் சரிந்தது. காவலுக்கு மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றை நம்பினார்கள். பாட்டு நடக்கும்போதே மேடையின் முன்னால் ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார்.

திறவாத கதவுகள்

1979 டிசம்பர் 3ஆம் நாள் சின்சினாட்டி நகரில் 'தி ஹூ' குழுவின் கச்சேரி. இருக்கைக்கு எண் இல்லை, முந்தியவர்க்கே முன்னிடம். வெளியே ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, சில கதவுகளே திறக்கப்பட்டன. உள்ளே ஒலிக் கருவிகளைச் சோதித்த ஓசையைக் கேட்டு, கச்சேரி தொடங்கிவிட்டதென எண்ணிக் கூட்டம் நெருக்கியது. 11 பேர் மாண்டனர். குழுவினருக்கு இச்செய்தி பாடி முடித்த பின்னரே தெரியவந்தது.

நம் நாட்டிலும் இக்குறை நீங்கவில்லை. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியவருள் பலர் உள்ளே நுழையவே இயலவில்லை. பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் தவித்தனர். அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், மலைக்கு அப்பால் களமசேரியில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் விழாவில் கச்சேரி தொடங்குமுன், திறந்தவெளி அரங்கின் வாயிலை அடுத்த படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு நால்வர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் நம்மைப் போன்ற மாணவர்கள். இதனைப் படித்தபோது என் தம்பியின் முகமே கண்முன் வந்தது.

நெரிசலின் இயற்பியல்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் நால்வர் நின்றால் ஓரளவு தன் விருப்பப்படி அசையலாம். ஏழு பேருக்கு மேல் ஆகிவிட்டால் கூட்டம் நீர்மம்போல் ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் தள்ளிய தள்ளல் அலையாகப் பரவும். அகப்பட்டவர் தம் காலால் நிற்பதில்லை; பிறர் உடலால் நிறுத்தப்படுகிறார். இத்தகைய இறப்புகளில் பெரும்பாலானவை மிதிபட்டு நேர்வன அல்ல. மார்பு விரிய இடமின்றி மூச்சடைத்து நேர்வன. இதில் கொடுமை யாதெனில், முன்னால் நடப்பது பின்னால் தள்ளுபவருக்குத் தெரியாது. ஆகவே கூட்டத்தைப் பழிப்பதால் பயனில்லை. வழியை அமைத்தவரே முன்கூட்டி எண்ணியிருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நம் கல்லூரி ஆண்டுவிழாவிலும் இன்னிசை நிகழ்ச்சி உண்டு. அதன்பொருட்டுச் சில கருத்துகளைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் பணிவுடன் வைக்கின்றேன். நுழைய ஒரு வழியும் வெளியேற வேறு வழிகளும் வேண்டும். கதவுகளை நேரத்தோடு திறக்க வேண்டும். வாயிலை அடுத்துப் படியோ பள்ளமோ இருப்பின் அங்கே ஆள் நிற்க வேண்டும். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். கூட்டத்தின் பின்புறம் நிற்கும் தொண்டர் மேடைக்குச் செய்தி சொல்ல ஏற்பாடு வேண்டும். இடர் என்று கேட்டவுடன் பாட்டை நிறுத்தும் துணிவு மேடைக்கு வேண்டும்.

முடிவுரை

நல்ல கச்சேரியைப் பாடுபவர் மட்டும் படைப்பதில்லை. கயிறு கட்டுபவரும், கதவு திறப்பவரும், பக்கத்தில் நிற்பவருக்குக் கையளவு இடம் விடுபவரும் சேர்ந்தே படைக்கின்றனர். இவ்வாண்டு விழாவுக்கு என் தம்பியையும் அழைத்துவர எண்ணியுள்ளேன். வாயிற்பணிக்கு என் பெயரை முதலில் கொடுத்துவிட்டேன். உடன் நிற்க இன்னும் பத்துப் பேர் வேண்டும்.