கணக்கு எங்க மக்ளே?
நம்மூர்ச் சங்கங்களும் சிறு தொழில்களும் ஆதரவாளர்களைச் சேர்க்க ஐந்து வழிகள்

கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிக்க வருகிறவர்களை நாஞ்சில் நாட்டில் யாரும் வாசலோடு திருப்பி அனுப்புவதில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முன்பே முடிவாகியிருக்கும். இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பெயரைக் கேட்டு ரசீதில் எழுதுவார். கார்பன் தாளுக்கு அடியில் நகல் பதியும். மற்றவர் பணத்தை எண்ணிப் பையில் போடுவார். கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் பந்தல்காரருக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று வாசிப்பார்கள்.

அதே தெருவில் படிப்பகத்துக்கோ கால்பந்துக் குழுவுக்கோ பணம் கேட்டுப் போனால் "பார்ப்போம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். இதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கொடைக்குத் தொகை தெரியும், நாள் தெரியும், கணக்கு தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் படிப்பகத்துக்காக நானும் ஒரு நண்பரும் வீடு வீடாகப் போனோம். திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் சட்டைப் பையில் கைவிட்டவர், அப்படியே நிறுத்திக் கேட்டார்: "குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல மக்ளே, போன வருசக் கணக்கு எங்க?" எங்களிடம் ரசீது புத்தகத்தின் அடிக்கட்டை பாதிதான் இருந்தது. மீதியைத் தொலைத்தது நாங்கள்தான். அன்று அவர் தந்த ஐம்பது ரூபாயைவிட அந்தக் கேள்வி எங்களுக்கு அதிகம் உதவியது. இந்த வழிகாட்டி அதிலிருந்து பிறந்ததுதான்.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் முன் இவற்றுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள்.

1. பணம் ஒரே ஒரு தடவை வேண்டுமா, மாதா மாதம் வேண்டுமா?
2. கொடுப்பவர் கைக்குத் திரும்பப் போவது என்ன? பொருளா, இதழா, பெயரா, வாக்குரிமையா, மனநிறைவா?
3. விளைச்சல் பொய்த்தால், வேலை நின்றால், பணத்தைத் திருப்பித் தர உங்களால் முடியுமா?

வழி 1: பலர் தரும் சிறுதொகை

இதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள சான்றைக் கடற்கரையில் நின்றே பார்க்கலாம். விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்குப் பணம் திரட்டும் பொறுப்பு ஏக்நாத் ரானடேயிடம் வந்தபோது, அவர் அரசுகளிடமும் செல்வந்தர்களிடமும் கேட்டார். கூடவே சாதாரண மக்களிடம் ஆளுக்கு ஒரு ரூபாய் கேட்டார். சுமார் முப்பது லட்சம் பேர் சிறுதொகை தந்தார்கள். 1970 செப்டம்பரில் மண்டபம் திறக்கப்பட்டது. ஒரு ரூபாய் தந்தவர் ஒவ்வொருவரும் "அது எங்க மண்டபம்" என்று சொல்ல முடிந்தது.

உலகில் வேறு இடங்களிலும் இது பலித்திருக்கிறது. நியூயார்க் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, 1885-ல் ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவர் பெயரை அச்சிட்டார். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1976-ல் வெளிவந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் தந்தார்கள். நம் பக்கத்துக் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அம்மா அறியான்' (1986) படமும் ஊர் ஊராகத் திரட்டிய பணத்தில் எடுக்கப்பட்டது.

இவை எல்லாமே என்றாவது ஒரு நாள் முடிந்துவிடுகிற வேலைகள்: ஒரு மண்டபம், ஒரு பீடம், ஒரு படம். கட்டி முடித்த பின் வரும் மின்கட்டணத்துக்கு இந்த வழி உதவாது. பாறையிலும் அப்படித்தான், தொடர்ந்து நடக்க வேண்டிய பணிகளுக்காக 1972-ல் விவேகானந்த கேந்திரம் என்ற தனி அமைப்பு தேவைப்பட்டது.

*பொருந்துவது:* கட்டடம், மேடை, புத்தக அலமாரி, ஒரு நாடகத் தயாரிப்பு.
*சறுக்குவது:* வாடகை, சம்பளம், அன்றாடச் செலவு.

வழி 2: சந்தா

சிற்றிதழ்களின் ஊர் நாகர்கோவில். எழுத்தாளர் சுந்தர ராமசாமி 1988-ல் இங்கே தொடங்கிய 'காலச்சுவடு' சில இதழ்களுக்குப் பிறகு நின்றது. 1994-ல் அவர் மகன் கண்ணன் ஆசிரியராக மீண்டும் வந்து இன்று மாத இதழாக நடக்கிறது. சிற்றிதழ் நடத்திய எவரைக் கேட்டாலும் சொல்வார்: எழுத்து கிடைத்துவிடும், காகிதத்துக்கும் தபாலுக்கும்தான் மூச்சு வாங்கும். அந்த மூச்சைத் தருவது சந்தா.

சந்தாவின் பலம், அடுத்த மாத வரவு இந்த மாதமே தெரிவது. படிப்பகத்துக்கு மாதம் 6,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் தருகிற அறுபது பேர் போதும். நான்கு பேர் நின்றுபோனாலும் கதவு மூடாது. இப்போது யுபிஐ ஆட்டோபே வசதியும் இருக்கிறது. ஒரு முறை ஒப்புதல் தந்தால் மாதா மாதம் தானே பிடித்தமாகும். வீடு வீடாக ஏறி இறங்கும் அலைச்சல் இல்லை. ஆனால் பார்க்காமலே பணம் போகிறதே என்ற உறுத்தல் சந்தாதாரருக்கு வரக்கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் போய்க் கணக்குத் தாளைக் கொடுங்கள்.

ஆயுள் சந்தாவில் மட்டும் கவனம் வேண்டும். ஆண்டுச் சந்தா 500, ஆயுள் சந்தா 5,000 என்று வாங்குகிறீர்கள். அந்த ஐயாயிரத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 350 ரூபாய்தான் வரும். ஓராண்டுக்கு அனுப்புகிற இதழ்களின் அடக்கவிலையே 500 என்றால் ஆண்டுதோறும் 150 ரூபாய் துண்டு விழும். காகித விலை ஏற ஏறத் துண்டும் ஏறும். வைப்பில் போடாமல் அன்றே செலவழித்துவிட்டால், மீதி ஆயுளுக்கும் அந்த இதழ் கடன். அதற்குப் பதில் ஐந்தாண்டுச் சந்தா என்று எல்லை வைத்து வாங்குவது இருவருக்கும் நியாயம்.

*பொருந்துவது:* இதழ், படிப்பகம், பயிற்சி வகுப்பு; குறித்த நாளில் தவறாமல் ஒன்றைத் தர முடிந்த எவரும்.
*சறுக்குவது:* தேதி தவறுகிற இடங்கள். இரண்டு இதழ் வராவிட்டால் அடுத்த சந்தா வராது.

வழி 3: புரவலர்

பெரிய தொகை தரும் சிலர். கேட்க எளிது, கிடைத்தால் வேகம். ஆனால் ஒருவரையே நம்பினால் அவர் முகம் சுளிக்கும் நாளில் சங்கமும் சுருங்கும். நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு இது: எந்தத் தனி ஆளின் பணமும் ஆண்டு வரவில் கால்பங்கைத் தாண்டக்கூடாது.

நம் கோயில்களில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது: மண்டகப்படி. பத்து நாள் திருவிழாவை ஒரே ஆள் தலையில் கட்டுவதில்லை; ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் பொறுப்பு. அதே போல் செலவைப் பிரித்துப் பெயர் வையுங்கள். சித்திரை மாத நாளிதழ்களுக்கு ஒருவர், வைகாசிக்கு இன்னொருவர், குழந்தைகள் கோடை வகுப்புக்கு வேறொருவர். "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று கேட்பதைவிட "ஆடி மாதத்துக்கு நீங்க" என்று கேட்பது கொடுப்பவருக்கும் கௌரவம்.

வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் இல்லாத தெரு இந்த மாவட்டத்தில் குறைவு. அவர்களிடமும் கேட்கலாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரோ வெளிநாட்டு அமைப்போ தந்தால், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி முன்கூட்டியே பதிவோ அனுமதியோ வேண்டும்.

*பொருந்துவது:* ஆண்டில் சில பெரிய செலவுகள் உள்ள குழுக்கள்.
*சறுக்குவது:* ஒரே புரவலரின் நிழலில் வளரும் அமைப்புகள்.

வழி 4: உறுப்பினராக்குவது

இங்கே ஆதரவாளரும் பயனாளியும் ஒருவரே. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகப் பணி மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களிலும் 30-களிலும் தேனீ வளர்ப்பையும் கூட்டாகப் பொருள் விற்பதையும் அந்த வட்டாரத்தில் பரப்பினார். அந்த மண்ணிலிருந்து வளர்ந்ததுதான் மார்த்தாண்டம் தேன் கூட்டுறவு. தனியாக விற்றால் பேரம் பேச முடியாத சிறு உற்பத்தியாளர், சேர்ந்து வடிகட்டி, தரம் பார்த்து, ஒரே பெயரில் விற்றார்.

கடற்கரை மீனவர் சங்கங்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிடித்த மீனைச் சங்கமே கரையில் ஏலம் விடும். கிடைத்த பணத்தில் கடனுக்கும் சேமிப்புக்கும் சங்கச் செலவுக்கும் ஒரு சிறு சதவீதம் அங்கேயே கழியும். மீன்பாடு இல்லாத நாளில் யாரும் சந்தா கேட்டு வீட்டுக்கு வர மாட்டார்கள். பாடு கிடைத்த நாளில் பங்கு தானாகக் கூடும். வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் மாதாந்திரக் கட்டணத்தைவிட இந்தச் சதவீத முறை மனிதத்தன்மை உள்ளது. பூக்கட்டுவோர், தையல் குழு, வாழை விவசாயிகள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

*பொருந்துவது:* ஒரே பொருளைச் செய்யும் பத்துப் பேராவது அருகருகே இருக்கும் இடம்.
*சறுக்குவது:* கூட்டம் போடாத, கணக்கு வாசிக்காத இடம். உறுப்பினர் பணம் தருவதோடு நிற்க மாட்டார், கேள்வியும் கேட்பார்.

வழி 5: முன்பணம்

அக்கானி (பதநீர்) இறங்கும் காலத்தில் பனையேறும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். விடியுமுன் ஏறி இறக்கியதை வீட்டுப் பெண்கள் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவார்கள். நுரை அடங்கி, நிறம் மாறி, பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவார்கள். இவ்வளவு உழைப்புக்கும் முன்னால் வியாபாரியிடம் கடன் வாங்கியிருந்தால், அவர் சொன்ன விலைதான் விலை.

அந்த முன்பணத்தை வியாபாரிக்குப் பதில் கருப்பட்டி தின்கிறவர்களே கொடுத்தால்? சர்க்கரை கலக்காத கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று சென்னையிலும் பெங்களூரிலும் தேடுகிற நம்மூர்க்காரர் நிறையப் பேர். தை, மாசியில் பாதி விலை வாங்கிப் பருவத்தில் பொருளை அனுப்பலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழத்துக்கும், ஈத்தாமொழித் தேங்காய் எண்ணெய்க்கும், தேனுக்கும் இதே முறை ஒத்துவரும்.

ஆனால் பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்ற மூன்றாவது கேள்வியை இங்கே மறக்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து இந்த மாவட்டத்துத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது. அப்படி ஓர் ஆண்டில் முழு விளைச்சலுக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் என்ன ஆகும்? எதிர்பார்க்கும் விளைச்சலில் பாதிக்கு மேல் முன்பதிவு வேண்டாம். வாங்கிய பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்.

*பொருந்துவது:* பருவப் பொருள், தரம் தெரிந்த வாடிக்கையாளர்.
*சறுக்குவது:* முதல் ஆண்டுத் தொழில்.

செய்யக்கூடாதவை

சங்க நிதிக்காகக் குலுக்கல் கூப்பன் விற்பது பழைய பழக்கம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. அந்தப் பக்கம் போகாதீர்கள். சீட்டு நடத்த வேண்டுமானால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். "பணம் போடுங்க, வட்டியோடு தருகிறோம்" என்று பொதுமக்களிடம் வாங்குவது 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் குற்றமாகலாம்.

சங்கத்தை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்து, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறப்பது முதல் வேலை. செயலாளரின் சொந்தக் கணக்கில் வாங்கும் பணம், அவர் எவ்வளவு நல்லவரானாலும், சந்தேகத்துக்கு வித்து. வருமான வரியில் நன்கொடைச் சலுகைக்குத் தகுதி பெற்றால் கொடுப்பவருக்கு வரி குறையக்கூடும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எதில் தொடங்குவது?

ஒரு தடவைச் செலவென்றால் முதல் வழி. தவறாமல் தர ஏதாவது இருந்தால் சந்தா. பெரிய செலவைப் பிரித்துச் சொல்ல முடிந்தால் புரவலர். ஒரே தொழில் செய்பவர்கள் சூழ இருந்தால் உறுப்பினர் சங்கம். பருவப் பொருளும் நற்பெயரும் இருந்தால் முன்பணம். ஐந்தையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். ஒன்றை ஓர் ஆண்டு நடத்தி, கணக்கு முடித்து, அதைக் காட்டி அடுத்ததைக் கேளுங்கள்.

எங்கள் படிப்பகம் சந்தாவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு ஒற்றைத் தாளில் வரவு செலவை எழுதி எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் முதலில் போனோம். கண்ணாடியைத் தேடி எடுத்து, கடைசி வரிவரை விரல் வைத்து வாசித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினார். பிறகு, "அடுத்த வீட்டுக்கும் வா, நான் சொல்லுதேன்" என்று எங்களோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.