படங்கள் ஒட்டிக்கொண்டால் போதுமா?

இதயத்தின் இரண்டு ஸ்கேன் படங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததும் ஓரங்கள் ஒட்டிக்கொண்டால், இணைப்பு சரி என்று நம்பிவிடுகிறோம். பெட்-சி.டி. ஸ்கேன் இந்த நம்பிக்கையைப் பலமுறை உடைத்திருக்கிறது. சி.டி. படம் சில நொடிகளில் முடிந்துவிடும். பெட் படத்துக்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் நோயாளி எத்தனையோ முறை மூச்சு விடுகிறார், உதரவிதானத்தோடு சேர்ந்து இதயமும் இடம் மாறுகிறது. இதயச் சுவரின் ஒரு பகுதி, சி.டி. படத்தில் நுரையீரல் இருக்கும் இடத்தில் போய் விழுந்தால், உடல் தடுத்த கதிர்களைச் சி.டி. படத்தை வைத்தே ஈடுகட்டும் கணினி, அங்கே காற்றுதான் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, நல்ல தசையையே ரத்தம் குறைந்த தசையாகக் காட்டும். லான்ஸ் கூல்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 259 நோயாளிகளில் 40 சதவீதத்தினரின் படங்களில் இத்தகைய பொய்க்குறை இருந்தது. நோய் இல்லாதவரை வீண் ஆஞ்சியோவுக்கு அனுப்பக்கூடிய பிழை இது.

பிழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை நோயாளியிடம் அளக்க வழியில்லை. உண்மையான இடம் எதுவென்று யாருக்கும் தெரியாதே! அதற்காகத்தான் ஃபேண்டம் என்ற செயற்கை உரு. பாலிவினைல் ஆல்கஹால் கரைசலை அச்சில் ஊற்றி உறையவைத்து, உருகவைத்து, மறுபடியும் உறையவைத்தால் தசை போன்ற கூழ் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது இறுகும். எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றிலும் தெரியும்; பம்பு பொருத்தினால் துடிக்கவும் செய்யும். உள்ளே பதித்த குறிகளின் இடம் முன்கூட்டியே தெரியும் என்பதால் எந்த மென்பொருளையும் ஒரே அளவுகோலில் சோதிக்கலாம். ஆனால் அந்தக் குறிகள் பொருந்தினாலே எல்லாம் பொருந்திவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. குறிகளில் காணும் பிழைக்கும் நமக்கு வேண்டிய இடத்தில் நேரும் பிழைக்கும் தொடர்பில்லை என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிட்ஸ்பாட்ரிக் 2009இல் காட்டினார். ஆகவே, பொருத்துவதற்குப் பயன்படுத்தாத தனிக் குறிகளிலும் அளந்தாக வேண்டும்.

கூழ் பொம்மை இதயமாகுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. சீரற்ற துடிப்பையும் திணறும் மூச்சையும் அது முழுமையாகக் காட்டாது. ஃபேண்டமே ஏமாற்றவும் கூடும்: எக்கோ கருவி ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறது; ஃபேண்டமைச் சுற்றியுள்ள 20 டிகிரித் தண்ணீரிலோ சுமார் 1482 மீட்டர்தான். அதனால் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள குறி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கீழே தெரியும். ஃபேண்டம் சோதனைகளுக்குத் தரப்படுத்துதல் தேவைப்படுவதே இதனால்தான் என்பேன். திரவம், வெப்பநிலை, துடிப்பு வேகம் மூன்றையும் எழுதாமல் தரும் பிழைக்கணக்கை இன்னொரு ஆய்வகத்தின் கணக்கோடு ஒப்பிடவே முடியாது. ஃபேண்டமில் தேறிய மென்பொருளை நோயாளிகளிடம் மறுபடியும் சோதிக்கத்தான் வேண்டும். எல்லாமே தெரிந்த கூழ் இதயத்திலேயே தவறுகிற மென்பொருளை அங்கே கொண்டுபோக எந்த நியாயமும் இல்லை.