வைகறையில் எழுப்பும் பூனை

பூனை இரவு முழுவதும் விழித்திருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மாலை மயங்கும் வேளையிலும் வைகறையிலுமே மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்கும். அவையே அதன் வேட்டைப் பொழுதுகள். வீட்டில் வளர்ந்தாலும் இவ்வியல்பு மாறுவதில்லை. ஆகவே, காலை 4 மணிக்கே அது கத்தும். வளர்ப்பவரின் முகத்தைப் பாதத்தால் தட்டும்.

உறக்கம் கலைந்தவர் எழுந்து உணவு வைப்பார். கத்தினால் உணவு கிடைக்கும் என்பதைப் பூனை கற்றுக்கொள்ளும்; மறுநாளும் கத்தும். சினமுற்று அதனைத் தெருவில் விட்டுவிடுவோரும் உளர். பூனையின் மீது பிழையில்லை. மனிதர் கற்பித்ததையே அது செய்கிறது.

வேட்டையாடுதல், உண்ணுதல், உடலை நக்கித் தூய்மை செய்தல், உறங்குதல் என்பது பூனையின் இயல்பான ஒழுங்கு. எனவே, இரவில் பந்தை உருட்டிச் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டி, அதன்பின் உணவளித்தால் அது நன்கு உறங்கும். காலையில் எழுந்தவுடன் உணவு வைக்காமல், சற்று நேரம் கழித்து வைத்தல் நன்று. வைகறையில் கத்தினால் எழுதலும் கூடாது, அதட்டலும் கூடாது. அதட்டலையும் அது கவனிப்பாகவே கொள்ளும். முதல் சில நாள்கள் கத்தல் மிகும், பின்னர்க் குறையும். இடையில் ஒருவர் மனமிரங்கி உணவு வைத்தாலும் முயற்சி வீணாகும். வீட்டார் அனைவரும் ஒன்றுபட்டு நடத்தல் வேண்டும். வழக்கமின்றித் திடீரெனக் கத்தும் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
வைகறை – விடியலுக்கு முந்திய பொழுது
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: இவ்வியல்பு, சினமுற்று.
2. பூனையை அதட்டுவதால் பயன் இல்லை. ஏன்?
3. 'மனிதர் கற்பித்ததையே அது செய்கிறது' – விளக்குக.