நிக்காஹ் முடிந்தால் குடியிருக்கும் அனுமதி வந்துவிடுமா?



சிங்கப்பூரில் நம்மவர் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்றுண்டு. "பெண்ணுடைய பாஸ் முடிந்துவிட்டது. அதனாலென்ன? நம் பையனுக்கு நிக்காஹ் செய்து வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்!" சரியாகாது. ஏன் ஆகாது, எந்த வழியில் போனால் ஆகும் என்பதே இப்பாடம்.

வலீயும், இரு சாட்சிகளும், ஈஜாபும் கபூலும் அமைந்தால் மார்க்கப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் நாட்டில் தங்க அனுமதி கொடுப்பவர் காழியார் அல்லர், ஐ.சி.ஏ. எனப்படும் குடிநுழைவு ஆணையம். இவை இரண்டும் தனித்தனிப் பேரேடுகள். ஒன்றில் வரவு வைத்தால் மற்றதில் உள்ள கடன் தீராது.

முதலாவது, வரிசை. அனுமதியைப் பற்றி விசாரித்த பின்பே நிக்காஹ்வுக்குத் தேதி குறிக்க வேண்டும். திருமணத்துக்கு முன்னரே நீண்டகால வருகை அனுமதிக்குத் தகுதி உண்டா என்று மதிப்பிடும் ஏற்பாடு 2015 முதல் உள்ளது. பொறுப்பேற்பவரின் வருமானமும், இருவரின் முந்தைய நடத்தையும் அதில் பார்க்கப்படும். பொறுப்பேற்பவர் 21 வயது நிறைந்த பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.

இரண்டாவது, வேலை பெர்மிட். பெர்மிட்டில் இருப்பவரும், முன்பு இருந்தவரும் இந்நாட்டுப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி தேவை. எந்த மதமுறைப்படி நடந்தாலும், எந்த நாட்டில் நடந்தாலும் இந்த நிபந்தனை பொருந்தும். ஊரில் போய் ரகசியமாக நிக்காஹ் முடித்து வந்தாலும் தப்ப முடியாது. மீறினால் பெர்மிட் போவதோடு மீண்டும் நுழையவும் தடை விழும்.

மூன்றாவது, தவணை கடந்து தங்குதல். 90 நாளுக்கு மேல் போனால் 6 மாதம் வரை சிறையும், குறைந்தது 3 பிரம்படியும் உண்டு. பெண்களுக்குப் பிரம்படிக்குப் பதிலாக 6,000 வெள்ளி வரை அபராதம். மணமுடித்தவர் என்பதற்காக இக்குற்றம் அழிந்துவிடாது. இரக்கப்பட்டுக் கடை மாடியில் இடம் கொடுப்பவரும் கவனிக்க வேண்டும்: அத்தகையவருக்கு அடைக்கலம் தந்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். இரக்கம் நல்லதுதான், ஆனால் ஒளித்து வைப்பது இருவரையும் குழியில் தள்ளும்.

நான்காவது, பெயருக்குத் திருமணம். பணம் கைமாறி, பாஸ் வாங்குவதற்காகவே செய்யும் மணத்துக்கு 2012 முதல் தனிச் சட்டம் உண்டு. 10 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்பாடு செய்யும் தரகரும் இதில் சிக்குவார். இத்தகைய பொய் மணங்களால்தான் உண்மையான தம்பதியரும் சந்தேகக் கண்ணுடன் பார்க்கப்படுகிறார்கள்.

சரி, காரியம் முன்பே நடந்துவிட்டிருந்தால்? தரகரை நாடாதீர்கள், வக்கீலை நாடுங்கள். அவர் யோசனையுடன் தாமாகவே அதிகாரிகளிடம் போய் ஒப்புக்கொள்வதே மேல். தண்டனை முடிந்து நாடு திரும்பினாலும் உறவு அறுந்துவிடாது. திரும்ப நுழைய அனுமதி கேட்கலாம். கணவர் பொறுப்பேற்று மனுச் செய்யலாம். கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, காலமும் பிடிக்கும். ஆனால் ஒளிந்திருப்பவருக்கு அந்த மனுச் செய்யும் வழியே இல்லை.

பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். தகப்பனார் பிரஜையாயிருந்து, குழந்தை இங்கே பிறந்தால் அதுவும் பிரஜை. பெற்ற தாயோ கதவைத் தட்டும் ஓசைக்கெல்லாம் நடுங்குவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குவாள். பள்ளிக்கூட வாசல்வரை போகவும் அஞ்சுவாள். மனைவிக்கு உணவும் உடையும் உறைவிடமும் தருவது கணவன் கடமை என்று நாம் அறிவோம். அச்சமில்லாத உறைவிடமல்லவா உறைவிடம்?

ஆதலால் பெரியோர்களே, சம்பந்தம் பேச உட்காரும்போது மஹர் எவ்வளவு என்று கேட்கு முன்னர், பாஸ்போர்ட்டை வாங்கி அனுமதித் தேதியைப் பாருங்கள். சரக்கு எடுக்கும்போது காட்டும் கவனத்தில் பாதியை இதில் காட்டினால், ஒரு குடும்பம் நிம்மதியாக வாழும்.