புகைபோக்கி அடுப்பில் புகை திரும்புவது ஏன்?

தறியும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் உள்ள வீட்டில் புகை இருவகைத் தீங்கு செய்யும். சமைப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் அது கெடுக்கும். தறியில் ஏறிய வெண்பட்டுப் பாவையும் மங்கச் செய்யும். உத்திரமேரூர்ப் பகுதியில் எரிவாயு வந்த பின்னரும், வெந்நீர் காய்ச்சவும் நெல் அவிக்கவும் விறகடுப்பு மூட்டும் வீடுகள் உள. ஆகவே இப்பாடம் இன்றும் வேண்டியதே.

புகைபோக்கி வைத்த அடுப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. ‘மகன்’ அடுப்பு 1947-இல் அறிமுகமாயிற்று. ஐதராபாத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு மற்றொரு வகையை வகுத்து, 1953-இல் நூலாகவும் விளக்கினார். 1980-களில் தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டம் 2002-இல் நின்றது. நிலைத்த பாடம் ஒன்றுண்டு: அடுப்பைக் கட்டினால் போதாது; பேணவும் வேண்டும்.

இழுப்பு என்பது யாது?

குழாயினுள் உள்ள சூடான காற்று இலேசானது, வெளிக்காற்று கனமானது. கனமான காற்று அடுப்பு வாயில் புகுந்து, இலேசானதை மேலே தள்ளுகிறது. குழாய் குளிர்ந்தாலும், அடைபட்டாலும், ஓட்டை விழுந்தாலும் இழுப்புக் குறையும்.

எப்பொழுது புகைகிறது?

1. மூட்டும்பொழுது மட்டும் புகைந்தால், குழாய் குளிர்ந்துள்ளது. கொடியடுப்பின் வாயில் ஒரு பிடி காய்ந்த ஓலையை எரித்துக் குழாயைச் சூடாக்கிய பின் விறகை மூட்டுக.

2. நாளுக்கு நாள் மிகுந்தால், குழாயில் கரியோ, இரண்டு அடுப்புகளுக்கும் இடையிலுள்ள வழியில் சாம்பலோ அடைத்துள்ளது. நன்கு ஆறிய பின் சாம்பலை வாரி, மூங்கிற் கழியில் தென்னை நார் கட்டிக் குழாயைத் துடைக்க.

3. ஒரு திசைக் காற்றில் மட்டும் புகைந்தால், குழாயின் தலை தாழ்வாக உள்ளது. கூரை முகட்டிற்கு மேல் இரண்டடியேனும் அது நிற்க வேண்டும்.

4. பாத்திரத்தின் ஓரத்தில் புகைந்தால், வாய்க்கும் பாத்திரத்திற்கும் பொருத்தமில்லை. களிமண் வளையம் இடுக. வெற்று வாயை மூடுக.

5. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் புகைந்தால் விறகு ஈரம். சவுக்கு மிளாரை மழைக்கு முன்பே கூரையடியில் அடுக்குக.

இணைப்பைச் சோதிக்க, அடுப்பு எரியும்பொழுது ஊதுவத்தியை அதனருகே பிடிக்க. அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே ஓட்டை உண்டு. களிமண், மணல், சாணம் குழைத்துப் பூசுக.

யான் கண்ட ஒரு வீட்டில் மும்முறை பூசியும் புகை நிற்கவில்லை. சில வாரம் மூட்டாது கிடந்த குழாயின் தலையில் அணில் கூடு கட்டியிருந்தது! ஆதலின் முதலில் மேலே பார்த்து, பிறகு கீழே பூசுக.

எச்சரிக்கை

கல்நார்ச் சிமெண்டுக் குழாயை அறுக்கவும் கம்பியால் தேய்க்கவும் கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. குழாயைக் கூரை ஓலை தொடலாகாது. கனலும் கரியை மூடிய அறையில் வைக்க வேண்டா. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உயிரைக் கவரும். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே வெளியேறுக.

தெருவிற்கு ஒரு நீண்ட துடைப்பம் இருந்தால் போதும். முறைவைத்து எல்லா வீட்டாரும் பயன்படுத்தலாம். கூட்டுறவு என்பது இத்தகைய சிறு செயலிலிருந்தே தொடங்குகிறது.